நஞ்சு போகும் வழி

நாகத்தை விஷப்பாம்பு என்கிறோம். மழைக்கு முளைக்கும் காளானிலும் விஷக்காளான் உண்டு என்கிறோம். நமக்கு இரண்டும் விஷம்தான். ஆங்கிலத்தில் எழுதும் உயிரியலாளர்கள் இங்கே சொல்லை மாற்றிவிடுவார்கள்: பாம்பிடம் இருப்பது 'வெனம்', காளானில் இருப்பது 'பாய்சன்'. இரண்டும் ஆளைக் கொல்லும். உடம்புக்குள் போகும் வழிதான் வேறு. பல்லோ கொடுக்கோ குத்தி உள்ளே இறக்கினால் வெனம். தின்றோ தொட்டோ நாமே ஏற்றிக்கொண்டால் பாய்சன். பாய்சன் என்ற சொல்லின் லத்தீன் வேருக்கே 'குடிப்பது' என்றுதான் பொருள்.

எந்த வழியாகப் போனால் என்ன? சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் விஷம் எடுப்பதைப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் குடுவையின் வாயில் மெல்லிய சவ்வை இழுத்துக் கட்டியிருப்பார்கள். பாம்பின் தலையைப் பிடித்துக் கடிக்க விட்டால், பல் சவ்வைத் துளைத்ததும் மஞ்சளாகச் சில துளிகள் உள்ளே வழியும். அதில் பெரும்பகுதி புரதம். பருப்பிலும் மீனிலும் இருக்கிறதே, அந்த இனம். வயிற்றுக்குள் போனால் செரிமான நொதிகள் அதைப் பெரும்பாலும் துண்டு துண்டாக்கிவிடும். வாயில் ஒரு சிறு புண் இருந்தாலும் கதை வேறு என்பதால் யாரும் சோதித்துப் பார்க்கக் கூடாது. கடிவழியே இறங்கினாலோ, கண்ணாடிவிரியனின் விஷம் ரத்தம் உறையும் திறனையே குலைக்கிறது. கட்டுவிரியனுடையது தசைக்குப் போகும் நரம்பின் கட்டளையை அறுக்கிறது.

பேத்தை மீனின் நஞ்சு இதற்கு நேரெதிர். அது மிகச் சிறிய மூலக்கூறு. கொதிக்க வைத்தாலும் அழியாது, வயிற்றிலும் சிதையாமல் தப்பிக் குடல்வழியே ரத்தத்தில் சேர்ந்துவிடும்.

'பாய்சனஸ் ஸ்நேக்' என்று எழுதினால் உயிரியலாளர்கள் திருத்துவார்கள். ஆனால் ஜப்பானில் யமகாகஷி என்றொரு பாம்பு உண்டு. அதற்குக் கடிவிஷமும் இருக்கிறது. தேரைகளைத் தின்று, அவற்றின் நஞ்சைத் தன் கழுத்துச் சுரப்பிகளில் சேர்த்தும் வைத்துக்கொள்கிறது. இரண்டு சொல்லும் அதற்குப் பொருந்தும். பகை நெருங்கினால் கழுத்தை வளைத்து அந்தச் சுரப்பிகளை முன்னே காட்டும். தேரையே இல்லாத கின்காசான் தீவில் வாழும் யமகாகஷிகளின் கழுத்தில் அந்த நஞ்சு இல்லை. அவை பெரும்பாலும் கழுத்தைக் காட்டுவதில்லை, ஓடிவிடுகின்றன. தேரை மலிந்த இடத்துத் தாயோ, தான் சேர்த்த நஞ்சில் ஒரு பங்கைக் குஞ்சுகளுக்கும் கொடுத்தனுப்புகிறது.