உளி பிடிக்கக் கற்றுத் தந்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் வாங்கினால் லெட்டர் டைப் செய்யலாம், பாட்டுக் கேட்கலாம். மர வேலை கற்க முடியுமா? நான் கற்று வருகிறேன்.

எங்கள் வீட்டு முக்காலியின் ஒரு கால் ஒடிந்தது. தாத்தா காலத்துக் கதவு நிலையில் மிச்சமான தேக்குத் துண்டுகள் இரண்டு இருந்தன. பென்சிலால் கோடு போட்டு முதல் துண்டை அறுத்தேன். துளைக்குள் நுழையும் முனையான கழுந்தின் அடி விளிம்பு கோணலாகிவிட்டது. கால் சாய்ந்து நின்றது. இனி மீதி ஒரே துண்டு!

அப்போதுதான் யூடியூபில் பால் செல்லர்ஸ் என்பவரின் வீடியோக்களைப் பார்த்தேன். 1950இல் பிறந்த இங்கிலாந்துக்காரர். 15 வயதிலேயே தச்சு வேலை பழகத் தொடங்கியவர். பெரும்பாலும் கைக்கருவிகளாலேயே செய்து காட்டுகிறார்.

குறுக்கே அறுக்க வேண்டிய இடத்தில் அவர் கத்தியால் கீறுகிறார். முதலில் லேசாக, பிறகு அழுத்தி. அடுத்து, வெட்டி எறியப்போகும் பக்கத்திலிருந்து உளியைச் சாய்த்துப் பிடித்துக் கீறல் வரை ஒரு சீவல் எடுக்கிறார். சின்னப் படி உண்டாகிறது. ரம்பம் அதில் உட்கார்ந்து விடுவதால் நழுவாது. இதை ‘நைஃப் வால்’ என்கிறார். பென்சில் கோட்டுக்குத் தடிமன் உண்டு. எந்த ஓரத்தில் அறுப்பது? என் தப்பு அங்கேதான்.

அவர் கை வேகம் நம் கண்ணுக்குப் பிடிபடாது. வீடியோவின் கீழே உள்ள பல் சக்கரப் படத்தைக் கிளிக் செய்து, ‘பிளேபேக் ஸ்பீடு’ பகுதியில் 0.25 தேர்ந்தெடுங்கள். ‘ஜே’ கீயை அழுத்தினால் 10 விநாடி பின்னால் போகும். ‘கே’ நிறுத்தும். நிறுத்திய பின் கமா, முற்றுப்புள்ளி கீகளால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தலாம். எந்தப் பட்டறையில் ஆசாரி இப்படி நிறுத்தி நிறுத்திக் காட்டுவார்?

ஆனாலும் என் உளி மரத்தைச் சீவாமல் நசுக்கியது. கூர் போதவில்லை. அவர் வைரத்தூள் பதித்த 250, 600, 1200 எண் தகடுகளில் வரிசையாகத் தீட்டி, கடைசியில் தோல் பட்டையில் தேய்க்கிறார். அப்படியே செய்த பிறகுதான் சீவல் சுருண்டு வந்தது. (கம்ப்யூட்டரைத் தூள் பறக்கும் இடத்தில் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஃபேன் அவ்வளவையும் இழுத்துக் கொள்ளும்.)

ஒரு குறை உண்டு. நீங்கள் தப்பாகப் பிடித்தால் திரையில் இருப்பவர் அதட்ட மாட்டார். நான் ரம்பம் இழுப்பதை செல்போனில் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் அவர் வீடியோவுக்குப் பக்கத்திலேயே ஓட விட்டேன். விண்டோஸ் கீயோடு இடது அம்புக்குறியை அழுத்தினால் ஒரு விண்டோ பாதித் திரைக்கு ஒதுங்கும். என் மணிக்கட்டு ஒவ்வொரு இழுப்பிலும் திரும்புவது பளிச்சென்று தெரிந்தது.

பழைய பலகைத் துண்டுகளில் ஒரு மாதம் பழகிவிட்டு, கடைசித் தேக்கை அறுத்தேன். ஒரு பக்கம் மட்டும் தாள் நுழையும் இடைவெளி இருக்கிறது. அம்மா அதில் உட்கார்ந்துதான் காய்கறி நறுக்குகிறார்.