உங்களுக்குத் தெரியுமா? நிறத்தை நம்பி ஸ்டீயரிங் ஆயில் ஊற்றாதீர்கள்!

பழைய கார்கள் பலவற்றின் பவர் ஸ்டீயரிங்கில் ஓடுவது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான அதே சிவப்பு ஏடிஎஃப் ஆயில்தான். ஆனால் எல்லா வண்டிக்கும் அது ஒத்துவராது. ஹோண்டா தன் சொந்த ஆயிலையே ஊற்றச் சொல்கிறது. பிஎம்டபிள்யூவின் ஈ46 மாடலில் சில வண்டிகளுக்கு ஏடிஎஃப், சிலவற்றுக்குப் பச்சை நிற சிஎச்எஃப் 11எஸ் என்ற ஆயில். எது என்று வண்டியிலுள்ள ஸ்டீயரிங் ஆயில் டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும். மூடி மாற்றப்பட்டிருந்தால் கையேட்டைப் பாருங்கள். உள்ளே இருப்பதன் நிறத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம்: சிவப்பு ஆயிலும் நாள்பட்டால் பழுப்பாகிவிடும், முந்தைய உரிமையாளர் தவறானதையே ஊற்றியிருக்கலாம்.

அவசரத்துக்குக்கூட பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள். ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டு, ஒழுகத் தொடங்கும். பம்பும் ஸ்டீயரிங் ரேக்கும் சேர்ந்தே செலவு வைக்கும்.