மலிவு கடையிலா, கையிருப்பிலா?

மட்டக்குளியில் சம்பள நாளுக்கு அடுத்த சனிக்கிழமை மாலை வீதியோரம் சற்று நின்று பார்த்தால், சாமான் வாங்குவோரில் இரு சாராரைக் காணலாம். சுப்பர் மார்க்கெட் பைகளைச் சுமந்தபடி முச்சக்கர வண்டிக்குக் கை காட்டுவோர் ஒரு சாரார். ஒழுங்கை முனையிலுள்ள சில்லறைக் கடையில் நூறு கிராம் பருப்பும் கால் போத்தல் தேங்காயெண்ணெயும் அரை இறாத்தல் பாணும் வாங்கி, "முதலாளி, கணக்கில எழுதுங்க" என்று சொல்லிச் செல்வோர் மற்றச் சாரார். "சுப்பர் மார்க்கெட்டில எல்லாம் மலிவாமே, நாங்களும் அங்க போனால் என்ன?" என்ற கேள்வி இந்த இரண்டாம் சாராரிடமிருந்தே அடிக்கடி எழுகிறது.

கேள்வி நியாயமானதே. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை, முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட 94.9 வீதம் கூடியிருந்தது. பின்னர் விலையேற்றத்தின் வேகம் தணிந்ததே தவிர, ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. கிழமைக்கு நூறு ரூபா மிச்சமானாலும் அது பிள்ளைகளுக்கு இரண்டு முட்டையாகிறது.

மலிவுக் கடை நமக்குப் புதியதல்ல. கூப்பன் அரிசியையும் சங்கக் கடை வரிசையையும் முதியோர் இன்னும் மறக்கவில்லை. நாம் சதொச என அழைக்கும் கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம் 1940களில் தோன்றியது. 2005 இல் லங்கா சதொச என்ற அரச கம்பனி அமைக்கப்பட்டது. இதற்கிடையில், 1983 இல் கார்கில்ஸ் நிறுவனம் கொழும்பில் தன் முதலாவது புட் சிற்றியைத் திறந்தது. அன்று அது வசதி படைத்தோரின் கடை. இன்று எல்லோரும் எட்டிப் பார்க்கும் கடை.

ஒரு கடை எப்படி மலிவாக விற்க முடிகிறது? ஜேர்மனியில் அல்பிரெக்ற் சகோதரர்கள் 1962 இல் அல்டி என்ற பெயரைச் சூட்டிய கடைகளைப் பாருங்கள். பொருள் வகைகள் குறைவு. பெரும்பாலும் கடையின் சொந்தப் பெயரிலான பொருள்கள். அட்டைப் பெட்டியை வெட்டி அப்படியே அடுக்கிவிடுவார்கள், ஊழியர் சிலரே. செலவைக் குறைத்ததால் விலை குறைந்தது. நம் ஊர் சுப்பர் மார்க்கெட் அப்படியல்ல. குளிரூட்டி, வெளிச்சம், பளபளக்கும் தட்டுகள், பை கட்டித் தரும் இளைஞர்கள் எல்லாவற்றுக்கும் யாரோ பணம் கொடுத்தாக வேண்டும். மொத்தமாகக் கொள்வனவு செய்வதால் அவர்களுக்கு விலை குறைவது உண்மை. ஆனால் அந்தக் குறைவு எல்லாப் பொருளிலும் நமக்கு வந்து சேர்வதில்லை. சீனியிலோ பருப்பிலோ விலையைக் குறைத்து வாசலில் பெரிதாக எழுதுவார்கள். அதற்காக உள்ளே போகும் நாம் வேறு பத்துப் பொருளுடன் வெளியே வருகிறோம். கணக்கு அங்கேதான் சரிக்கட்டப்படுகிறது.

இன்னொரு கழிவும் உண்டு. கிழமை இறுதியில் குறிப்பிட்ட வங்கிகளின் கடனட்டை வைத்திருப்போருக்கு மரக்கறி, பழங்களில் 20 அல்லது 25 வீதம் குறைக்கிறார்கள். துறைமுகத்தில் நாட்கூலிக்குப் போகிறவருக்கு எந்த வங்கி கடனட்டை கொடுக்கும்? பெரிய கழிவு, அது குறைவாகத் தேவைப்படுகிறவருக்கே போகிறது. இது மட்டக்குளிக்கு மட்டுமுரியதல்ல. 1963 இல் டேவிட் கப்லோவிற்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் நியூயோர்க்கின் ஏழைக் குடும்பங்களை ஆராய்ந்து எழுதிய நூலின் பெயரே 'ஏழைகள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்' என்ற பொருள்பட்டது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக எடுத்த விலைகள். உங்கள் பகுதி விலையை இட்டு நீங்களே பார்க்கலாம். ஐந்து பேர் கொண்ட குடும்பம் கிழமைக்கு 7 கிலோ அரிசி வாங்குகிறது. சுப்பர் மார்க்கெட்டில் கிலோவுக்கு 10 ரூபா குறைவென்றால் 70 ரூபா மிச்சம். ஒரு கிலோ பருப்பில் 20, ஒன்றரைக் கிலோ சீனியில் 15, ஒரு ரின் மீனில் 40. மொத்தம் 145 ரூபா. பால்மாவும் சவர்க்காரமும் பெரும்பாலும் எங்கும் பக்கற்றில் அச்சிட்ட விலைக்கே கிடைக்கும். அதற்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். இப்போது போய் வர பஸ் காசு 80 ரூபா என்றால், மிச்சம் 65. கூட வந்த பிள்ளை 150 ரூபா பிஸ்கட் பக்கற் ஒன்றைக் கூடையில் போட்டால் 85 ரூபா நட்டம். மழை வந்து முச்சக்கர வண்டி பிடித்தால் கணக்கே வேண்டாம்.

இதே குடும்பம் ஒழுங்கைக் கடையில் பருப்பை எப்படி வாங்குகிறது? கிலோ 300 ரூபா. நூறு கிராமாக வாங்கினால் 36 ரூபா. அதாவது கிலோ 360. நூற்றுக்கு இருபது கூடுதல்! எந்தச் சுப்பர் மார்க்கெட்டும் பருப்பில் தரும் கழிவைவிட இது பெரிது. ஆகவே கடையை மாற்றாமல் அளவை மாற்றினாலே மிச்சம் வருகிறது. அப்படியானால் ஏன் எல்லோரும் கிலோவாக வாங்குவதில்லை? அறியாமையால் அல்ல. அன்றைய கூலியில் அன்றைக்குச் சமைக்க மட்டுமே காசு இருக்கிறது. கிலோப் பையைத் திறந்தால் கை தாராளமாகிவிடும் என்று சொல்லும் தாய்மாரும் உண்டு. அதிலும் உண்மை இருக்கிறது.

எனவே எந்தக் கடை என்பது இரண்டாவது கேள்வி. ஒரு கிழமைச் சாமானுக்கான காசு முன்கூட்டியே கையில் இருக்கிறதா என்பதே முதலாவது. கணக்குக் கொப்பியில் கடன் நிற்கும்வரை நாம் அந்தக் கடையை விட்டு எங்கும் போக முடியாது. விலை கேட்கவும் வாய் வராது. கிழமைச் செலவு 6,000 ரூபா என்றால், நாளொன்றுக்கு 100 ரூபா ஒதுக்கி 60 நாளில் அந்த முன்பணத்தைச் சேர்க்கலாம். தனியே சேர்ப்பது கடினமென்றால், பத்துப் பெண்கள் கிழமைக்கு 600 ரூபா சீட்டுக் கட்டினால் ஒவ்வொருவர் கையிலும் முறைப்படி 6,000 ரூபா வந்து சேரும். சீட்டுக் காசு பெரும்பாலும் தோட்டுக்கோ திருவிழா உடுப்புக்கோ போய்விடுகிறது. ஒரே ஒரு முறை அதைச் சாமான் முன்பணமாக்கிப் பாருங்கள்.

இதனால் ஒழுங்கைக் கடைக்காரரைப் பகைக்க வேண்டியதில்லை. 2020 மார்ச் 20 முதல் மே பிற்பகுதி வரை கொழும்பு மாவட்டத்தில் ஊரடங்கு நீடித்தபோது, கூலியில்லாத வீடுகளுக்குச் சுப்பர் மார்க்கெட் கடன் கொடுக்கவில்லை. அவசரத்துக்குக் கொப்பி இருக்கட்டும், அன்றாடத்துக்கு வேண்டாம்.

மரக்கறி வேறு கதை. 1999 இல் ஹங்குராங்கெத்தையில் தொடங்கி, கார்கில்ஸ் விவசாயிகளிடம் நேரடியாக மரக்கறி வாங்கிவருகிறது. இதில் விவசாயிக்கு நன்மையுண்டு. ஆனால் அங்கே எடுக்கப்படுவது தரம் பிரித்த சரக்கு. வளைந்த கரட்டும் சிறுத்த கோவாவும் வேறு வழியில் போகும் என்பது நம் விவசாய வாசகர்களுக்குத் தெரிந்ததே. முன்பு புறக்கோட்டையில் இருந்த மெனிங் சந்தை இப்போது களனி ஆற்றுக்கு அக்கரையில், பேலியகொடையில் இயங்குகிறது. அங்கிருந்து வரும் மரக்கறி வண்டியில் மாலை ஆறு மணிக்குப் பின் விலை கேட்டுப் பாருங்கள். கறிச்சட்டிக்குள் வளைந்த கரட்டும் நேரான கரட்டும் ஒன்றுதான்.

முன்பணம் சேர்ந்த ஐந்து வீடுகள் ஒன்றுசேர்ந்தால் இன்னொரு வாசல் திறக்கும். புறக்கோட்டை நான்காம், ஐந்தாம் குறுக்குத் தெருக்களின் மொத்தக் கடைகளில் 25 கிலோ அரிசி மூட்டையை வாங்கி ஆளுக்கு 5 கிலோவாகப் பிரிக்கலாம். கூலியும் பஸ் காசும் ஐந்தாகப் பிரியும். இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் 1844 இல் 28 பேர் தொடங்கிய கூட்டுறவுக் கடையும் மாவு, சீனி, வெண்ணெய் போன்ற சில பொருள்களுடனேயே ஆரம்பித்தது. அவர்கள் கடனுக்கு விற்பதில்லை என்று விதித்திருந்தார்கள். நெசவாளர்களுக்கு அது கடுமையான விதி. ஆனால் அதற்கு முன் பல கூட்டுறவுக் கடைகள் கடனிலேயே மூழ்கின.

பிரிக்கும்போது எல்லோரும் கூடியிருக்கும் நேரத்தில், நல்ல தராசில் நிறுங்கள். சிந்தியதும் குறைந்ததும் யாருக்கு என்பதை மூட்டையை அவிழ்க்குமுன் பேசிக்கொள்ளுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் அந்த இருநூறு கிராமில்தான். ஆற்றங்கரையை அண்டிய தாழ்ந்த வீடுகளில் அரிசியை நிலத்தில் வைக்காமல், மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளியில் இட்டுப் பலகைமேல் ஏற்றி வையுங்கள்.