மங்கு இருக்கும் வாசல்

மலேசியாவின் மலாக்காவில், அலோர் காஜா வட்டாரத்துப் பழைய தோட்டக் குடும்பங்களின் வாசலில் சில சமயம் ஒரு மங்கு கண்ணில் படும். உள்ளங்கையில் அடங்கும் கிண்ணம். உட்புறம் இன்னும் மெருகு குலையாதது. ஒரு காலத்தில் ரப்பர் மரத்தின் இடுப்பில், கம்பி வளையத்துக்குள் உட்கார்ந்து, தகரத் தூம்பிலிருந்து சொட்டிய பாலை ஏந்தியது. மரங்கள் பல போய்ச் செம்பனை வந்துவிட்டது. மங்கில் இப்போது மணிபிளாண்ட் துளிர்க்கிறது.

கிண்ணத்துக்கு மலாயில் மங்கோக் என்று பெயர். மங்குக்கும் அதற்கும் உள்ள உறவு காதுக்கே தெரியும்.

மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் இதே மலாக்காவில்தான் எழுந்தது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி ஊக்கம் கொடுக்க, 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் நட்டார். பிசினைக் குறிக்கும் 'கெத்தா' என்ற மலாய்ச் சொல், பால்வெட்ட வந்த தமிழர் வாயில் கித்தாவானது. கித்தாத் தோட்டம், கித்தாக் கொட்டை. ஆனால் அந்த மரத்துக்கு அவர்களே சூட்டிய பெயர் பால்மரம். கறவை மாட்டோடு வாழ்ந்த மக்கள், முன்பின் அறியாத பிரேசில் மரத்தையும் பால் கொடுக்கும் உயிராகப் பார்த்திருக்கிறார்கள். தோட்டத் தமிழின் மிக அழகான சொல் அதுதான். அகிலன் தம் மலேசிய நாவலுக்குப் 'பால்மரக் காட்டினிலே' என்று பெயர் வைத்ததில் வியப்பில்லை.

வெட்டுக் கோட்டில் உறைந்து, ரிப்பன் போல் உரிந்து வரும் மிச்சம் ஒட்டுப்பால். பிள்ளைகள் அதைச் சுற்றிச் சுற்றிப் பந்தாக்கினார்கள். வெயிலில் காய் 'படக்'கென்று வெடித்துச் சிதறும் கொட்டைகளைப் பொறுக்கி, வரியும் புள்ளியும் அழகாயிருப்பதைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார்கள். மற்றதைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றிப் பக்கத்துப் பையன் கையில் வைத்தார்கள்.

சொற்கள் தமிழிலிருந்து மலாய்க்கும் போயிருக்கின்றன. மலாயின் காப்பால் நம் கப்பல்; பெத்தி, பெட்டி; காத்தில், கட்டில்; மீசாய், மீசை. கடைத்தெருப் பலகையில் 'கெடாய்' என்று எழுத்துக்கூட்டும் தமிழ்ப் பிள்ளை, உண்மையில் 'கடை' என்றுதான் படிக்கிறது. ஊரின் பெயரிலும் ஓர் உறவு உண்டு: அலோர் காஜா என்றால் யானைத் தடம். அந்த காஜாவும் கஜமுகப் பிள்ளையாரின் கஜமும் ஒரே வடமொழி வேர்.

பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் காசு கைமாறும்போது தமிழர் வாயில் கேட்கும் சொல் வெள்ளி; மலாயில் அது ரிங்கிட். ரிங்கிட் என்ற மலாய்ச் சொல்லுக்குப் பல்விளிம்பு என்று பொருள். முன்பு இங்கே புழங்கிய ஸ்பானிய வெள்ளி நாணயங்களின் ஓரம் அப்படி இருந்தது. மலாய்க்காரர் விளிம்பைப் பார்த்துப் பெயரிட்டார்கள், தமிழர் உலோகத்தைப் பார்த்து. இப்போது புழங்குவது நோட்டு. ஆனாலும் கீரைக்கட்டு ரெண்டு வெள்ளிதான். தமிழ்நாட்டிலிருந்து வந்த விருந்தாளி மட்டும், கீரைக்கு வெள்ளியா என்று ஒரு கணம் திகைத்து நிற்பார்.