மனைவி சொல் கேட்ட சுரங்கத் தொழிலாளி

எட்டாம் வகுப்பைக்கூட முடிக்காத ஒரு சுரங்கத் தொழிலாளி, அமெரிக்க செனட் சபையில் பதினாறு ஆண்டுகள் பெரும்பான்மைக் கட்சியின் தலைவராக வீற்றிருந்தார் என்றால் நம்ப முடிகிறதா? நம்பத்தான் வேண்டும். அவர் பெயர் மைக் மேன்ஸ்பீல்ட்.

அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த எளிய குடும்பத்தில், 1903-ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்தார். ஏழு வயதில் தாயை இழந்தார். மொண்டானா மாநிலத்தில் மளிகைக் கடை வைத்திருந்த உறவினர் வீட்டில் வளர்ந்தார். படிப்பில் மனம் செல்லவில்லை. பதினான்கு வயதில், வயதைக் கூட்டிச் சொல்லிக் கடற்படையில் சேர்ந்துவிட்டார்! பிறகு தரைப்படையிலும் மரீன் படையிலும் இருந்தார்.

1922-இல் ஊர் திரும்பியவருக்கு பியூட் நகரத்துச் செம்புச் சுரங்கத்தில்தான் வேலை கிடைத்தது. மண்ணுக்கடியில், இருட்டில், உடைத்த கல்லை வாரி வண்டியில் கொட்ட வேண்டும். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இப்படியே ஓடின.

அந்த ஊரில்தான் மொரீன் என்ற பள்ளி ஆசிரியையைச் சந்தித்தார். படித்தே ஆகவேண்டும் என்று அவர் விடாமல் வற்புறுத்தினார். 1932-இல் இருவரும் மணந்து கொண்டனர். கணவர் படிப்பதற்காக அம்மையார் தம் வேலையை விட்டார். ஆயுள் காப்புறுதியையும் பணமாக்கினார். மேன்ஸ்பீல்ட் உயர்நிலைப் பள்ளிப் பாடங்களையும் பல்கலைக்கழகப் பாடங்களையும் ஒருசேரப் படித்தார். 1933-இல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது முப்பது! பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தார்.

1942-இல் பிரதிநிதிகள் சபைக்கும், 1952-இல் செனட் சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1961 முதல் 1977 வரை செனட்டில் ஜனநாயகக் கட்சியை வழிநடத்தினார். கறுப்பின மக்களுக்குச் சம உரிமை வழங்கும் மசோதாவை, 1964-இல் தென் மாநில உறுப்பினர்கள் வாரக்கணக்கில் பேசிப் பேசியே தடுத்தனர். மேன்ஸ்பீல்ட் சீறவில்லை. பொறுமையோடு எதிர்க்கட்சியின் துணையையும் தேடினார். 71-க்கு 29 என்ற வாக்குகளில் தடை உடைந்தது, மசோதா சட்டமாயிற்று. வியட்னாம் போர் வேண்டாமென்று தம் கட்சி அதிபர் ஜான்சனிடமே எச்சரித்தார். ஜான்சன் கேட்கவில்லை.

செனட்டிலிருந்து ஓய்வு பெற்றதும், 1977 முதல் 1988 வரை ஜப்பானில் அமெரிக்கத் தூதராக இருந்தார். அங்கேயும் வந்தவர்களுக்குத் தம் கையாலேயே காப்பி கலக்கிக் கொடுப்பார்!

அவர் படித்த மொண்டானா பல்கலைக்கழகம் தன் நூலகத்திற்கு அவர் பெயரைச் சூட்ட விரும்பியது. மனைவியின் பெயரும் வேண்டும், அதுவும் முதலில் வேண்டும் என்றார் அவர். இன்றும் அது 'மொரீன் - மைக் மேன்ஸ்பீல்ட் நூலகம்'தான்.

2000-இல் அம்மையார் மறைந்தார். மறு ஆண்டு, 98-ஆம் வயதில் அவரும் மறைந்தார். கல்லறைக் கல்லில் பதவிகள் எதுவும் இல்லை. மரீன் படையின் சாதாரணச் சிப்பாய் என்று மட்டுமே பொறித்திருக்கிறது.

முப்பது வயதிலும் படிப்பு கைகூடும். ஆனால், "படி" என்று சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் உங்கள் வீட்டில் நீங்களாக இருக்கக் கூடாதா?