குழந்தை வைத்தியசாலையும் அதன் அயலும்

இலண்டன் மாநகரிலே கிரேற் ஓர்மண்ட் வீதி என்னும் பெயரைக் கூறிய அளவிலே கேட்போர் உள்ளத்தில் எழுவது ஒரு சிறுவர் வைத்தியசாலையின் நினைவேயாம். வீதியின் பெயரே தருமத்தின் பெயராகிய வரலாறு நம்மனோர் அறியத்தக்கது.

1843ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியசாலைகளில் இருந்த 2,363 நோயாளருள் பத்து வயதுக்கு உட்பட்டோர் 26 பேர் மாத்திரமே எனக் கணக்கெடுத்தோர் கண்டனர். குழந்தைகள் நோயுறாமையால் அன்று. அவர்களை ஏற்பார் இன்மையாலேயே இந்நிலை நேர்ந்தது. ஏழைகளின் மக்கள் இருளடர்ந்த அறைகளிலே பெருந்தொகையாய் மாண்டனர். குழந்தை நோய்களைத் தனியே ஆராய்ந்து கற்றாலன்றி அவற்றைத் தீர்த்தல் அரிது எனத் தெளிந்தவர் வைத்தியர் சாள்ஸ் வெஸ்ற். பாரிசு நகரில் 1802இலேயே சிறுவர் வைத்தியசாலை இருந்தது, இங்கிலாந்திலோ இல்லை. அவர்தம் இடையறா முயற்சியால் 1852 பெப்ரவரி 14ஆம் நாள், முன்னொரு காலத்தில் அரச வைத்தியர் றிச்சட் மீட் வாழ்ந்த பழைய மனையிலே, பத்துக் கட்டில்களுடன் அவ்வைத்தியசாலை திறக்கப்பட்டது.

தொடங்குதல் எளிது, நடாத்துதல் அரிது. சில ஆண்டுகளிற் பொருள் முட்டுப்பாடு உண்டாயிற்று. அவ்வயலில் வாழ்ந்த நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கின்ஸ், 1851இல் தம் பச்சிளம் மகளை இழந்தவர். 1858இல் நிகழ்ந்த விருந்தொன்றில் அவர் ஆற்றிய உருக்கமான உரையால் ஒரே இரவில் 3,000 பவுணுக்கு மேற் சேர்ந்தது. அடுத்த வீடும் வாங்கப்பட்டது, கட்டில்களும் பெருகின.

அருகே, தோமஸ் கோரம் என்னும் கப்பற்றலைவர் 1739இல் நிறுவிய அநாதைக் குழந்தைகள் இல்லம் இருந்தது. அது 1926இல் நகரை விட்டு நீங்கவே, வெற்றிடமான நிலத்தில் ஒரு பகுதியை வாங்க வைத்தியசாலையார் விரும்பினர். அதற்கான குழுவிற் சேருமாறு எழுத்தாளர் ஜே. எம். பாரியை அழைத்தனர். அவர் அதற்கு இசையவில்லை. ஆயினும் 1929இல் தமது ‘பீற்றர் பான்’ நாடகத்தின் உரிமையையே கொடையாக ஈந்தார். தமக்கெனப் பிள்ளைப்பேறு இல்லாதவர் அவர். அவ்வருமானம் என்றும் வைத்தியசாலைக்கே உரியதென 1988இற் சட்டமும் இயற்றப்பட்டது. அந்நிலமோ, அயலவர் முயற்சியாற் காக்கப்பெற்று, 1936இற் சிறுவர் விளையாட்டிடமாயிற்று. குழந்தையோடு வந்தாலன்றி வளர்ந்தோர்க்கு அங்கு இன்றும் இடமில்லை.

1948இல் வைத்தியசாலை அரசாங்கச் சேவையுட் சேர்ந்தது. எனினும் மக்கள் கொடை நின்றிலது. வைத்தியர் அறிவையும், எழுத்தாளர் சொல்லையும், அயலவர் உழைப்பையும் நல்கினர். தாம் முகமறியாப் பிள்ளைகளுக்காக அவரவர் தத்தமக்கு இயன்றதை ஈந்தமையாலன்றோ பத்துக் கட்டில்கள் பேராலயமாயின! கல்லூரி அன்னையின் மைந்தராகிய நாமும் இதனைச் சிந்திப்போமாக.