தொட்டிலை மறைக்கலாமா?

நம் சங்கத்தின் பேச்சுப் போட்டியில் இந்த ஆண்டு நடுவர்களில் ஒருவனாக உட்காரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. "நான் போற்றும் தலைவர்" என்பது தலைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை, மாடி ஹால் நிறையக் கூட்டம். பெற்றோர்கள் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்துக் கொண்டிருந்தார்கள். காந்தியடிகள் நான்கு முறை வந்தார். அப்துல் கலாம் ஐந்து முறை வந்தார். நான் காப்பி எப்போது வரும் என்று வாசற்பக்கம் பார்த்துக் கொண்டிருந்தேன்.

அப்போது பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மேடையேறினாள். நம் ஞாயிறு தமிழ் வகுப்பில் என்னிடம் படிப்பவள்தான். "நான் போற்றும் தலைவர் நேட் டர்னர்" என்றாள். ஹாலில் பாதிப் பேருக்கு அந்தப் பெயரே புதிது. விடுமுறையில் மாமா வீட்டிற்கு அமெரிக்கா போனவள், வாஷிங்டன் நகரில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு சின்னஞ்சிறு பைபிளைப் பார்த்திருக்கிறாள். அட்டை இல்லாமல், ஓரங்கள் நைந்து போன புத்தகம். அது 1831இல் வர்ஜீனியாவில் அடிமைகளின் கலகத்தை நடத்தித் தூக்கிலிடப்பட்ட நேட் டர்னருடையது என்று எழுதியிருந்ததாம். அங்கிருந்து தொடங்கி, அவருடைய கதையை ஹிந்தியும் ஆங்கிலமும் எட்டிப் பார்க்கும் தன் தமிழில் மளமளவென்று சொல்லி முடித்தாள். பலத்த கைதட்டல்.

நடுவர்கள் மூவர். எனக்கு வலப்பக்கம் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். இடப்பக்கம் பள்ளி ஆசிரியையாக இருந்த அம்மையார். பெரியவர் மதிப்பெண் தாளில் அந்தப் பெண்ணின் பெயருக்கு எதிரே எதுவும் எழுதாமல் பேனாவை மூடி வைத்து விட்டார்.

"பச்சைக் குழந்தையைக் கொன்ற கூட்டத்துக்குத் தலைவன். அவனைக் குழந்தைகள் முன்னாலே போற்றுவதா? நான் மார்க் போட மாட்டேன்" என்றார்.

அம்மையார் விடவில்லை. "சங்கிலியிலே கட்டி வைத்தவனிடம் மனு எழுதியா கொடுக்க முடியும்? வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கறுப்பர் கோர்ட்டில் சாட்சி சொல்லக்கூட அந்த ஊர்ச் சட்டம் இடம் தரவில்லையே!" என்றார்.

காப்பி வந்தது, ஆறியது. எங்களுக்குள் முடிவு வரவில்லை. முடிவை அடுத்த வாரம் அறிவிப்பதாகச் சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தோம். அந்த ஒரு வாரமும் நான் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததையும், அதன் பின் எனக்குத் தோன்றியதையும் வாசகர்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

யார் இந்த நேட் டர்னர்?

1800ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் வட்டாரத்தில் அடிமையாகப் பிறந்தவர். டர்னர் என்பது அவரைச் சொத்தாக வைத்திருந்த குடும்பத்தின் பெயர். சிறு வயதிலேயே எழுத்துக் கற்றுக் கொண்டார். பைபிளை ஊன்றிப் படித்தார். மற்ற அடிமைகளுக்குப் பிரசங்கம் செய்தார். ஒருமுறை தப்பி ஓடி, முப்பது நாள் காட்டில் மறைந்திருந்து விட்டுத் தாமாகவே திரும்பி வந்தார். தமக்குக் கடவுள் காட்சி தருகிறார், ஒரு பெரிய காரியத்திற்குத் தம்மைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று உறுதியாக நம்பினார். 1831 பிப்ரவரியில் ஏற்பட்ட சூரிய கிரகணத்தை அதற்கு அறிகுறியாக எடுத்துக் கொண்டார்.

ஆடு மாடு கைமாறுவது போல அவரும் கைமாறினார். கடைசியில் அவர் சட்டப்படி ஒரு சிறுவனின் உடைமை. தகப்பன் இறந்து போனதால் சொத்தோடு சொத்தாக ஒரு முப்பது வயது மனிதர் சிறுவனுக்கு வந்து சேர்ந்தார்! அச்சிறுவனின் தாய் மறுமணம் செய்து கொண்ட ஜோசப் டிராவிஸ் என்பவரின் வீட்டில் டர்னர் வேலை செய்தார். டிராவிஸ் தம்மை அன்பாகவே நடத்தினார் என்று டர்னரே பின்னர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

1831 ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை இரவு. டர்னரும் ஆறு கூட்டாளிகளும் காட்டில் கூடினார்கள். முதலில் போனது அந்த டிராவிஸ் வீட்டிற்குத்தான். அந்தச் சிறுவன் உட்பட அனைவரும் கொல்லப்பட்டார்கள். தொட்டிலில் ஒரு கைக்குழந்தை தூங்கிக் கொண்டிருந்தது. வீட்டை விட்டுக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் அந்தக் குழந்தையின் நினைவு வந்தது. இருவர் திரும்பிப் போய் அதையும் கொன்றார்கள்.

பண்ணை பண்ணையாகக் கூட்டம் சென்றது. வழியில் சேர்ந்தவர்களோடு ஐம்பது அறுபது பேர் வரை ஆனது. ஒரு பண்ணையில் பள்ளிக்கு வந்திருந்த குழந்தைகளும் தப்பவில்லை. டர்னர் தம் கையால் கொன்றது மார்கரெட் வைட்ஹெட் என்ற இளம்பெண் ஒருத்தியை. ஏழை வெள்ளையர் சிலரை அவர்கள் ஒன்றும் செய்யாமல் விட்டதும் உண்டு. ஜெருசலேம் என்ற வட்டாரத் தலைநகரைப் பிடிப்பது நோக்கம். (அந்த ஊர் இன்று கோர்ட்லாண்ட்.) ஊரை எட்டுமுன்பே உள்ளூர்ப் படை தடுத்துச் சிதறடித்தது. இரண்டு நாளில் எல்லாம் முடிந்தது. ஏறத்தாழ 55 வெள்ளையர் இறந்திருந்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

டர்னர் இரண்டு மாதங்களுக்கு மேல் அந்த வட்டாரத்திலேயே குழி தோண்டிப் பதுங்கியிருந்தார். அக்டோபர் 30இல் பிடிபட்டார். நவம்பர் 5இல் விசாரணை, 11இல் தூக்கு. நீதிமன்றம் அவருக்கு 375 டாலர் விலை மதித்தது. அடிமையைத் தூக்கிலிட்டால் உடைமைக்காரருக்கு அரசாங்கம் நஷ்டஈடு தர வேண்டும் என்பது சட்டம்! தூக்கில் போடும்போதும் அவர் சட்டத்தின் கண்ணில் ஒரு சொத்துதான்.

பெயர் எழுதப்பட்டவர்கள், எழுதப்படாதவர்கள்

சிறையில் இருந்த டர்னரைத் தாமஸ் கிரே என்ற வழக்கறிஞர் சந்தித்து, அவர் சொன்னதாக ஒரு சிறு நூலை அதே நவம்பரில் வெளியிட்டார். கிரே டர்னருக்காக வாதாடியவர் அல்லர். அந்த வட்டாரத்து வெள்ளையர், அடிமைகளை வைத்திருந்தவர். டர்னரைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி இவர் கை வழியாக வந்ததே. எது டர்னரின் பேச்சு, எது கிரேயின் கைவண்ணம் என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஒரு பதில் மட்டும் யாரும் மறக்க முடியாதபடி அதில் இருக்கிறது. இப்போதாவது நீ செய்தது தவறு என்று தெரிகிறதா என்று கிரே கேட்கிறார். ஏசுவையும் சிலுவையில் அறையவில்லையா என்று டர்னர் திருப்பிக் கேட்கிறார்.

அந்த நூலின் முடிவில் கொல்லப்பட்ட வெள்ளையரின் பட்டியல் இருக்கிறது. விசாரணைக்குக் கொண்டு வரப்பட்ட கறுப்பர்களின் பட்டியலும் இருக்கிறது. மூன்றாவதாக ஒரு பட்டியல் இருந்திருக்க வேண்டும். அது இல்லை.

கலகம் அடங்கிய பிறகு, ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டங்கள் கண்ணில் பட்ட கறுப்பரையெல்லாம் கொன்றன. கலகத்தைப் பற்றி ஒன்றுமே அறியாதவர்களும் செத்தார்கள். படைத் தளபதியே, இனிக் கொன்றால் கடும் தண்டனை என்று உத்தரவு போட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கறுப்பரின் தலையை வெட்டிக் கம்பத்தில் நட்டு வைத்தார்கள். அந்தச் சாலைக்கு நெடுங்காலம் 'கறுப்புத் தலைக் கம்பச் சாலை' என்றே பெயர். இப்படி விசாரணையின்றிக் கொல்லப்பட்டவர்கள் எத்தனை பேர்? சிலர் நாற்பதுக்கும் குறைவு என்கிறார்கள், சிலர் இருநூறு வரை போகிறார்கள். வெள்ளையர் 55 பேருக்குப் பட்டியல் இருக்கிறது. இவர்களுக்கு எண்ணிக்கையே சரியாக இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு மனம் மாறத் தொடங்கியது. பெரியவர் சொன்ன குழந்தைக்காக எனக்கும் நெஞ்சு பதறுகிறது. ஆனால் அந்தக் குழந்தைக்காகப் பதறும் வாய்ப்பு நமக்குக் கிடைத்ததே அதைப் பற்றி ஒருவர் எழுதி வைத்ததால்தான். தாயிடமிருந்து பிரித்து ஏலத்தில் விற்கப்பட்ட அடிமைக் குழந்தைகள் எத்தனையோ. அவர்களுக்கெல்லாம் தனித்தனியே யார் எழுதி வைத்தார்கள்?

அதற்காக அந்தக் கொலை சரியாகி விடுமா? ஆகாது. தொட்டிலில் கிடந்த குழந்தை யாரையும் அடிமையாக்கவில்லை. ஒரு செயல் எதனால் நடந்தது என்று விளக்குவது வேறு, அது நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது வேறு. இரண்டையும் குழப்பிக் கொள்வதால்தான் நம் வீட்டுக் கூடத்து வாதங்களும் முடிவில்லாமல் போகின்றன.

அவர் சாவுக்குப் பின்

கலகத்தால் என்ன பயன் விளைந்தது என்று கேட்பவர்கள் உண்டு. உடனே விளைந்தது துன்பம்தான். வர்ஜீனியாவில் கறுப்பர்கள் பிரசங்கம் செய்யத் தடை வந்தது. தென் மாநிலங்களில் அவர்களுக்கு எழுத்துக் கற்பிப்பதற்கு எதிரான சட்டங்கள் மேலும் இறுகின. ஆனால் அதே அதிர்ச்சியில், அடிமை முறையை ஒழிக்கலாமா என்று வர்ஜீனியா சட்டமன்றம் 1832 ஜனவரியில் பகிரங்கமாக விவாதித்தது. ஒழிப்புக்கு ஆதரவாக 58, எதிராக 73. பதினைந்து வாக்குகளில் வாய்ப்பு நழுவியது. அடிமைகள் விடுதலை பெற மேலும் முப்பத்து மூன்று ஆண்டுகள், ஓர் உள்நாட்டுப் போர், லட்சக்கணக்கான உயிர்கள் தேவைப்பட்டன. அன்று எதிர்த்து வாக்களித்த 73 கனவான்களும் தங்கள் கையால் யாரையும் வெட்டவில்லை. அவர்களை யாரும் கொலைகாரர் என்று சொல்வதும் இல்லை.

அவரை எப்படி நினைப்பது என்ற சண்டை அமெரிக்காவிலும் ஓயவில்லை. வில்லியம் ஸ்டைரன் என்ற வெள்ளை எழுத்தாளர் 1967இல் டர்னரை வைத்து நாவல் எழுதினார். அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே கறுப்பின எழுத்தாளர் பதின்மர் சேர்ந்து, எங்கள் மனிதரை நீ திரித்து விட்டாய் என்று மறுப்பு நூல் வெளியிட்டார்கள். 2021 செப்டம்பரில் வர்ஜீனியாவின் தலைநகர் ரிச்மண்டில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதி ராபர்ட் லீயின் மாபெரும் சிலையை இறக்கினார்கள். அதே மாதம் அதே நகரில் விடுதலை நினைவுச் சின்னம் ஒன்றைத் திறந்தார்கள். அதன் பீடத்தில் உள்ள பத்துப் பெயர்களில் டர்னர் பெயரும் ஒன்று. அந்தப் பெயர் வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள்.

அந்தப் பைபிளின் கதைதான் என்னை மிகவும் தொட்டது. அது நெடுங்காலம் நீதிமன்றத்தில் கிடந்து, பிறகு ஒரு வெள்ளைக் குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தது. அன்றைய கலகத்தில் அக்குடும்பத்தின் முன்னோர் பலர் செத்திருக்கிறார்கள். கருவுற்றிருந்த ஒரு பெண்ணை அவ்வீட்டு அடிமைகளே ஒளித்து வைத்துக் காப்பாற்றியதாகக் குடும்ப வரலாறு. அந்த வழியில் வந்தவர்கள்தான், இது எங்கள் வீட்டில் இருக்க வேண்டியதில்லை என்று பைபிளை அருங்காட்சியகத்திற்குக் கொடுத்தார்கள். அவர்கள் டர்னரைப் போற்றவும் இல்லை, தூற்றவும் இல்லை. நினைவில் வைக்க வேண்டிய இடத்தில் வைத்தார்கள்.

என்ன முடிவு செய்தோம்?

அடுத்த ஞாயிறு அந்தப் பெண்ணை அழைத்தோம். பெரியவர் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, இவ்வளவு சொன்னாயே, அந்தத் தொட்டில் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே. உனக்குத் தெரியாதா?"

அவள் தலையைக் குனிந்து கொண்டாள். "தெரியும் தாத்தா. சொன்னா பரிசு கிடைக்காதோன்னு பயந்துட்டேன்."

எங்கள் மூவருக்கும் சிறிது நேரம் பேச்சே வரவில்லை. தவறு அவளுடையது மட்டுமா? "நான் போற்றும் தலைவர்" என்று தலைப்புக் கொடுத்தவர்கள் நாங்கள். போற்று என்று சொல்லி விட்டால், பிள்ளை மாசு மருவெல்லாம் துடைத்து விட்டுத்தானே கொண்டு வரும்! ஒரு மனிதரை முழுதாக நினைவில் வைக்க நாங்கள் எப்போது சொல்லிக் கொடுத்தோம்?

பெரியவர் தாளை எடுத்து மதிப்பெண் போட்டார். அவளுக்கு இரண்டாம் பரிசு. (நேரம் மீறியதற்காக ஐந்து மதிப்பெண் குறைத்ததும் அவர்தான். ரயில்வேக்காரர் அல்லவா!) ஒரு நிபந்தனையும் விதித்தார். ஆண்டு விழாவில் அதே பேச்சை அவள் மறுபடி பேச வேண்டும், எதையும் விடாமல்.

பேசினாள். ஒரு சிறுவனுக்குச் சொத்தாக இருந்த மனிதரைச் சொன்னாள். தொட்டிலைச் சொன்னாள். பள்ளிக் குழந்தைகளைச் சொன்னாள். கம்பத்தில் நட்ட தலையைச் சொன்னாள். பெயர் எழுதப்படாதவர்களைச் சொன்னாள். முதல் தடவை போலக் கைதட்டல் எழவில்லை. ஹால் அமைதியாக இருந்தது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர்தான் முதலில் தட்டினார்.

நம் பிள்ளைகள் பிறந்த மண்ணை விட்டுத் தள்ளி வளர்கிறார்கள். உலகத்து மனிதர்களையெல்லாம் நம்மைவிட அதிகமாகத் தெரிந்து கொள்கிறார்கள். எந்தத் தலைவரைக் கொண்டு வந்தாலும் கொண்டு வரட்டும். நாம் கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள். இவர் எதை எதிர்த்து எழுந்தார்? எழுந்தபோது யார் மிதிபட்டார்கள்? இரண்டிற்கும் விடை சொல்லத் தெரிந்த பிள்ளை யாரையும் கண்மூடிக் கும்பிடாது, யாரையும் கண்மூடி வெறுக்கவும் செய்யாது.

அடுத்த ஆண்டுப் போட்டிக்குத் தலைப்பை மாற்றி விட்டோம். "நான் மறக்கக் கூடாத மனிதர்." பெயர் கொடுக்க விரும்பும் பெற்றோர்கள் சங்க அலுவலகத்தில் தெரிவிக்கலாம். பேச்சைப் பிள்ளைகளே எழுதட்டும், தயவு செய்து!